அக்கரையில் நின்றவள்

முசாபராபாத் முகாம்
2 மார்ச் 2004

அன்புள்ள அண்ணன் குல்ஜமானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் மாப்பிள்ளை லால்தீனும் சுகம். கேரனில் அம்மா, நீங்கள், சபூரா அண்ணி மூவரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். வழியில் இதைப் பிரித்துப் படிக்கப்போகிற இரண்டு நாட்டுத் தணிக்கை சாகிப்மாருக்கும் என் சலாம். படித்துவிட்டு ஒழுங்காக ஒட்டி அனுப்புங்கள். போன கடிதம் பாதி கிழிந்து போய்ச் சேர்ந்ததாம்.

துப்பாக்கிச் சத்தம் நின்று மூன்று மாதம் ஆகிறது. முதலில் எங்களில் யாரும் நம்பவில்லை. பனி உருகியதும் ஆற்றங்கரைக்குப் போக விடுவார்களாம், அக்கரையில் நிற்கிற சொந்தக்காரர்களைப் பார்க்கலாமாம். முகாம் முழுக்க இதே பேச்சு. கல்யாணமான மறு வருஷமே குண்டுக்குப் பயந்து எல்லையான அந்த ஆற்றைத் தாண்டி வந்தவள் நான். பதினாலு வருஷமாக அம்மா முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னொரு சேதியை வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எனக்கு இரண்டு மாதம் தள்ளிப்போயிருக்கிறது. இந்த வயதில். அம்மாவிடம் சொல்லுங்கள். "இப்பத்தான் உனக்கு நேரம் வந்துச்சா"ன்னு திட்டுவாள், திட்டட்டும். வயிறு வெளியே தெரிய ஆரம்பித்ததும் கரைக்கு வருவேன். ஏற்கெனவே இரண்டு முறை தங்காமல் போன வயிறு. அம்மா ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டால் இந்தப் பிள்ளை தங்கும் என்று மனம் சொல்கிறது. என்றைக்கு வரலாம் என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் தங்கை
ஜைத்தூன்


கேரன்
26 ஏப்ரல் 2004

அன்புத் தங்கை ஜைத்தூனுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் எங்கோ பனிக்குள் கிடந்து, மலைப்பாதை திறந்தபின் நேற்றுத்தான் வந்தது. பிள்ளைச் சேதி படித்து மிகவும் சந்தோஷம். அல்லாஹ் நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வைப்பான்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மா துஆ சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். இந்த வருஷம் பனி கொஞ்சம் அதிகம், மாட்டுக் கொட்டகையின் கூரை இறங்கிவிட்டது. அக்ரூட் மரம் இரண்டும் தப்பித்தன. வேறு விசேஷம் இல்லை.

கரைக்கு வருவது இப்போது வேண்டாம். மலை ரோடு, ஜீப்பு, குலுக்கல். பனி உருகி ஆறு வேறு இரையும், நீ கத்துவது உனக்கே கேட்காது. பிள்ளை பிறந்து, தண்ணீர் வற்றியதும் வா. அப்போது பேசினால் காதில் விழும். நான் சொல்வதைக் கேள்.

அன்பு அண்ணன்
குல்ஜமான்


கேரன்
26 ஏப்ரல் 2004

மாப்பிள்ளை லால்தீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் வேலை பார்க்கும் மரக்கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அம்மா ஜனவரி கடைசியில் மௌத்தாகிவிட்டாள். நெஞ்சுச் சளி. ஆள் உயரம் பனி, டாக்டரிடம் தூக்கிப் போக வழியில்லை. பதினாலு வருஷம் குண்டுச் சத்தத்தில் உயிரோடு இருந்தவள், சத்தம் நின்ற பிறகு போய்விட்டாள். "இனி எம் மகளைப் பார்த்துருவேன்"னு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள், மாப்பிள்ளை.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அக்கரையில் பெற்ற பிள்ளை இருந்தால் ஜனாஸாவைக் கரைக்குத் தூக்கிப் போய், முகத்துணியை விலக்கிக் காட்டிவிட்டுத்தான் அடக்குவோம். சண்டை நடந்த வருஷங்களில்கூட வெள்ளைத்துணி ஆட்டிக்கொண்டு போய் சிலர் காட்டினார்கள். என் அம்மாவுக்கு நான் அதைச் செய்யவில்லை. பனியில் கரைக்கு இறங்க முடியவில்லை. இறங்கியிருந்தாலும் பார்க்க அங்கே யாரும் இல்லை.

பாதை திறந்ததும் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் அவள் கடிதம் வந்துவிட்டது. எங்கள் அப்பா மௌத்தான சேதி என் கடிதத்தில்தான் வந்தது, அந்த வாரமே அவள் வயிற்றில் இருந்தது போயிற்று என்று நீங்கள்தான் அப்போது எழுதினீர்கள். இன்னொரு முறை என் கையால் அது நடக்க வேண்டாம். அதனால் அவளுக்குப் பொய் எழுதியிருக்கிறேன். அவள் புருஷன் நீங்கள். சொல்வதா, மறைப்பதா? நீங்களே முடிவு செய்யுங்கள்.

குல்ஜமான்


முசாபராபாத்
8 ஜூன் 2004

மதிப்புக்குரிய மச்சான் குல்ஜமானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். மாமியின் கபரை அல்லாஹ் விசாலமாக்குவானாக. மரக்கடையில் உட்கார்ந்து அழுதேன். கண்ணில் மரத்தூள் விழுந்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன்.

மச்சான், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கிடக்கிறது. "மனசுக்குக் கஷ்டம் வர்ற மாதிரி எதுவும் காதுல போடாதீங்க"ன்னு டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஆனால் முகாமில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கரைக்குப் போனவர்கள், உங்கள் பக்கத்திலிருந்து கல்லில் கட்டி எறிந்த சீட்டில் படித்துவிட்டு வந்துவிட்டார்கள். நான் வீடு வீடாகப் போய் வாயை மூடச் சொல்லிக் கெஞ்சிவிட்டு வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஹாஜ்ராவுக்கு வாயில் ஒன்றும் தங்காது. அவளைக் குர்ஆன் மேல் சத்தியம் செய்ய வைத்தேன். இருந்தாலும் ஜைத்தூன் குழாயடிக்குப் போனால் திரும்பி வரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

நீங்கள் வேண்டாம் என்று எழுதியதுதான் வினையாகிவிட்டது. "அம்மாவுக்கு ஏதோ ஆயிருக்கு. அதான் அண்ணன் வேணாங்கிறார்" என்கிறாள்.

"நல்லாத்தான் இருக்காங்க" என்றேன்.

"அப்ப காட்டுங்க."

ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை வருகிறாளாம். உங்கள் தங்கையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் கூட வராவிட்டால் தனியாக ஜீப் ஏறிவிடுவாள். அக்கரையில் அம்மா இல்லையென்றால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

லால்தீன்


கேரன்
16 ஜூலை 2004

மாப்பிள்ளைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இது தபாலில் வந்தால் காலம் கடந்துவிடும். நண்பன் ரசூலிடம் கொடுக்கிறேன். ஆறு குறுகுகிற இடத்தில் கல்லில் கட்டி எறிவான், அக்கரையில் அவன் மாமன் மகன் எடுத்து உங்களிடம் சேர்ப்பான். காவலுக்கு நிற்கிற சிப்பாய் அந்த நேரம் பீடி பற்றவைக்கத் திரும்பிக்கொள்வார். நல்ல மனிதர்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். சபூரா சோள மாவு பிசைந்துகொண்டே, "நான் நிக்கிறேன்" என்றாள்.

"எங்க?"

"கரையில. உங்கம்மா சால்வையப் போத்திக்கிட்டு."

"உனக்கென்ன பைத்தியமா?"

"இருபத்திரண்டு வருசம் ஒரே அடுப்படியில அந்தம்மாகூட மல்லுக்கு நின்னவ நான். நீங்க அம்மான்னு பார்த்தீங்க. நான் எதிராளின்னு பார்த்தேன். எதிராளியத்தான் நல்லாப் பார்ப்போம். எப்படி நடப்பாங்க, எப்படி இடுப்புல கைய வச்சு நிப்பாங்க, எல்லாம் எனக்கு அத்துப்படி."

எழுந்து, அம்மாவின் கோலை ஊன்றி நடந்து காட்டினாள். மாப்பிள்ளை, அம்மாவேதான். சிரித்தேன், பிறகு அழுதேன். அவள் திரும்பவும் மாவு பிசையப் போய்விட்டாள்.

ஆறு நுங்கும் நுரையுமாகப் போகிறது. குரல் கேட்காது, அது ஒன்றுதான் தைரியம். ஜைத்தூனைத் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள், மேலே பாறையில் நிறுத்துங்கள். யாராவது தூரக்கண்ணாடி வைத்திருந்தால் அவள் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது பாவமா என்று பள்ளிவாசல் இமாமிடம் கேட்கப் போனேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

குல்ஜமான்


கேரன்
1 ஆகஸ்ட் 2004

மாப்பிள்ளைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வீடு போய்ச் சேர்ந்தீர்களா? ஜைத்தூனுக்கு ஒன்றும் இல்லையே? எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் எதிர்க்கரையில் நின்றீர்கள், எங்கள் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. சபூரா முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டு, கோலோடு மெதுவாகத்தான் இறங்கினாள். ஊர்க்காரர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ரசூலின் மனைவி அவளை, "பார்த்து வாங்க பெரியம்மா" என்று கைப்பிடித்துக் கூட்டிவந்தாள். ஜைத்தூன் ஜீப்பிலிருந்து இறங்கியதைப் பார்த்தேன். எவ்வளவு இளைத்துவிட்டாள், வயிறு மட்டும் தனியாக. சபூரா விரலை ஆட்டி, 'இந்த நிலைமையில எதுக்குடி வந்தே' என்கிற மாதிரி சைகையில் திட்டினாள். அக்கரையில் என் தங்கை சிரித்ததைப் பார்த்தேன். சால்வையை விலக்கி வயிற்றைக் காட்டினாள். சபூரா இரண்டு கையையும் ஏந்தி துஆ செய்தாள். அத்தோடு நீங்கள் கிளம்பியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அவள் ஏன் தண்ணீரை நோக்கி இறங்கினாள்? நீங்கள் ஏன் விட்டீர்கள்? கல் புரண்டு அவள் சாய்ந்தாள். அந்த நேரம் சபூரா கோலை வீசிவிட்டு ஓடினாள். முழங்கால் தண்ணீர்வரை போய்விட்டாள். சிப்பாய் விசில் ஊதுகிறார், நான் பின்னாலிருந்து இழுக்கிறேன், முக்காடு தோளில் கிடக்கிறது. அதற்குள் நீங்கள் அவளைத் தூக்கி நிறுத்திவிட்டீர்கள். அவள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நெற்றியில் கைவைத்து சலாம் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அவள் கவனித்தாளா? "நான் ஓடியிருக்கக் கூடாது, கெடுத்துட்டேன்" என்று சபூரா சொன்னதையே சொல்கிறாள். ஒரு வரி எழுதுங்கள்.

குல்ஜமான்


முசாபராபாத் முகாம்
5 ஆகஸ்ட் 2004

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமாக வந்து சேர்ந்தோம். விழுந்ததில் எனக்கோ பிள்ளைக்கோ ஒன்றும் இல்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டார். அம்மாவைப் பார்த்தேன், மனம் நிறைந்தது.

ஒரு வேண்டுகோள். பிள்ளை பிறக்கும்வரை எனக்கு யாரும் கடிதம் எழுத வேண்டாம். நல்லதானாலும் சரி, மற்றதானாலும் சரி.

அண்ணிக்கு என் சலாம். ஆற்றுத் தண்ணீர் ஐஸாக இருக்கும், காலைச் சூடாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஜைத்தூன்


முசாபராபாத்
10 செப்டம்பர் 2004

மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கே தெரியவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள். மாத்திரை போடுகிறாள். நான் சொன்னால் எதையும் கேட்காதவள், இப்போது சொல்வதற்கு முன்பே செய்துவிடுகிறாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. முன்பு வாய்க்கு வாய் அம்மா அம்மா என்பாள், கரையிலிருந்து வந்த பிறகு அந்தப் பேச்சே இல்லை. மத்தியானமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். "தூங்குறியா?" என்று கேட்டால், "இல்லை, பேசாம இருங்க" என்கிறாள். சண்டை போட்டாலாவது நிம்மதியாக இருக்கும். உங்களுக்கு எழுதிய கடிதத்தில் அண்ணியின் காலைப் பற்றி என்னவோ எழுதியிருந்தாள், தபாலில் போடும்போது பார்த்தேன், அதற்கு என்ன அர்த்தம்?

இன்னும் ஒரு மாதம். துஆ செய்யுங்கள்.

லால்தீன்


கேரன்
11 அக்டோபர் 2004

மாப்பிள்ளைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு மாதத்துக்குமேல் ஆகிறது, சேதி இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் கரைக்குப் போய் நிற்கிறேன். உங்கள் முகாம் ஆட்கள் யாராவது வந்தால், 'ஜைத்தூன் எப்படி' என்று கத்திக் கேட்கிறேன். கையை விரிக்கிறார்கள். தெரியாது என்கிறார்களா, இல்லை என்கிறார்களா? எதுவானாலும் எழுதுங்கள். நான் தாங்கிக்கொள்வேன். தாங்காவிட்டாலும் எழுதுங்கள்.

குல்ஜமான்


முசாபராபாத் முகாம்
12 அக்டோபர் 2004

அன்புள்ள சபூரா அண்ணிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். போன வாரம் எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். அல்ஹம்துலில்லாஹ். நல்ல எடை, முகாமே எழுந்திருக்கிற குரல். நானும் சுகம். உங்கள் கால் எப்படி இருக்கிறது?

அண்ணி, அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. மூட்டு வலியில் எழுந்து நிற்கவே ஆள் வேண்டும் என்று அண்ணன் எப்போதோ எழுதியிருக்கிறார். அவள் ஓடமாட்டாள். ஓட முடிந்தாலும் ஓடமாட்டாள். நான் விழுந்தால் நின்ற இடத்தில் நின்றுகொண்டு, "கண்ணு எங்கடி போச்சு" என்பாள். எனக்காக ஆற்றுக்குள் ஓடி வருகிற இவள் யார் என்று பார்த்தேன். முக்காடு விழுந்தது. உங்கள் கருப்புத் தலை தெரிந்தது.

அதற்கு முன்பே பாதி தெரியும். நான் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். ஹாஜ்ரா என்னைப் பார்த்தால் வாயில் துணியை வைத்துக்கொண்டு ஓடுவாள். மீதிப் பாதிக்குத்தான் கரைக்கு வந்தேன்.

பக்கத்தில் இவர் நடுங்கிக்கொண்டு நின்றார். எதிரே அண்ணன், தலையில் கைவைத்தபடி. இரண்டு ஆண்பிள்ளைகளும் எனக்காக இவ்வளவு பயப்படும்போது நான் என்ன சொல்வது? ஜீப்பில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன், அழக் கூடாது. அழுதால் வயிற்றில் இருக்கிற இவளும் போய்விடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அம்மா என்ற சொல்லையே மனதுக்குள் வரவிடவில்லை. பெற்றவள் செத்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மகள் இந்த முகாமில் நான் ஒருத்திதான். பிரசவ வலியில் எல்லாப் பெண்களும் அம்மா என்று கத்துவார்கள். நான் அதுகூடக் கத்தவில்லை.

இப்போது பிள்ளை வந்துவிட்டாள், இனி எனக்குப் பயமில்லை. பெருநாள் முடிந்த வெள்ளிக்கிழமை கரைக்கு வருகிறேன். அம்மா சால்வை வேண்டாம், நீங்களாக வாருங்கள். அங்கே நின்று அழுவேன். யாரும் என்னைத் தேற்றக் கூடாது என்று அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

ஜைத்தூன்


கேரன்
21 நவம்பர் 2004

கண்ணான ஜைத்தூனுக்கு,

அண்ணி சபூரா எழுதிக்கொண்டது. வ அலைக்குமுஸ்ஸலாம். நல்லபடியாக வீடு சேர்ந்திருப்பாய். பிள்ளைக்குச் சளி பிடிக்கவில்லையே? எனக்கு ஐந்தாவது வரைதான் படிப்பு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

தண்ணீர் வற்றிக் கிடந்ததால் நீ அழுதது இந்தக் கரையில் எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது. உன் அண்ணன் மணலில் உட்கார்ந்துவிட்டார். ஜனவரியில் பனிக்குள் அம்மாவை அடக்கியபோது நாங்கள் நாலைந்து பேர்தான். வெள்ளிக்கிழமைதான் இரண்டு கரையிலும் ஊரே நின்று அந்தம்மாவுக்காக அழுதது. சிப்பாய்கூடத் தொப்பியைக் கழற்றினார். எங்களைப் பத்து நிமிஷத்தில் போகச் சொல்லியிருந்தவர், பிறகு கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

அழுது முடித்து நீ கத்திக் கேட்டாய், "அண்ணி, அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?" நான், "உன்னத்தான் கேட்டாங்க" என்று மட்டும் கத்தினேன். மீதியை இரண்டு நாட்டுச் சனத்துக்கு நடுவில் கத்த முடியவில்லை. உன் அண்ணனுக்கும் இது தெரியாது. அவர் அப்போது விறகு எடுக்கப் போயிருந்தார்.

அம்மாவுக்கு அன்று கண் தெரியவில்லை. "ஜைத்தூன் வந்துட்டாளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மறுபடி கேட்டாள். மூன்றாம் தடவையும் கேட்டாள். எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "வந்துட்டேம்மா, நான் ஜைத்தூன்" என்று சொல்லிவிட்டேன். "இவ்வளவு நேரமாடி வர்றதுக்கு" என்று திட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். உயிர் போன பிறகுதான் அந்தப் பிடி விட்டது.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தம்மா என் கையைத் தொட்டதில்லை. அன்றைக்கும் தொட்டது என் கையை இல்லை, உன் கையை. அது உனக்குச் சேர வேண்டியது. எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் இத்தனை மாதம் வைத்திருந்தேன். உன் மகள் கையைப் பிடிக்கும்போது நினைத்துக்கொள், உன் அம்மா உன்னைப் பிடித்துக்கொண்டுதான் போனாள்.

பனி தொடங்கிவிட்டது, இனி ஏப்ரல்வரை தபால் வராது. பிள்ளையைக் குளிரில் வெளியே கொண்டுபோகாதே.

உன் அண்ணி
சபூரா